ஒன்பது பேர் நினைத்தால் என் மகளின் திருமணம் செல்லாமல் போய்விடுமா?

கேள்வி: ஐயா, என் மகள் அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் வேலை பார்க்கிறாள். அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். கூட வேலை பார்த்த வெள்ளைக்காரப் பையனையே கல்யாணம் செய்துகொண்டாள். எங்களுக்கும் முழுச் சம்மதம்தான், மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. போன மாதம் ஒரு விசேஷத்தில் சொந்தக்காரர் ஒருவர், "அங்கே ஐம்பது வருஷமாக இருந்த கருக்கலைப்பு உரிமையையே கோர்ட் ஒரே நாளில் எடுத்துவிட்டது. வெள்ளைக்காரர்களும் மற்றவர்களும் கல்யாணம் பண்ணிக்கலாம் என்று சொன்னதும் அதே கோர்ட்தான். நாளைக்கு அதையும் எடுத்துவிட்டால் உங்கள் பெண் என்ன செய்வாள்?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒன்பது பேருக்கு இவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது? நாங்கள் பயப்பட வேண்டுமா?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாய்)

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கே முதலில் வருகிறேன். உங்கள் மகளின் திருமணம் செல்லாமல் போவதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. சட்டத் தொழிலில் இருப்பவர்கள் எந்த நீதிமன்றத்தைப் பற்றியும் 'நடக்கவே நடக்காது' என்று அடித்துச் சொல்ல மாட்டோம். அதனால்தான் 'குறைவு' என்கிறேன். மற்றபடி இதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை.

ஆனால் உங்கள் பயத்தை வெறும் பயம் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மகள் இன்று வாழும் அதே ஜார்ஜியா மாநிலத்தில் 1967 வரை இப்படிப்பட்ட திருமணத்துக்குத் தடை இருந்தது. 1927-ல் அந்த மாநிலம் இயற்றிய சட்டப்படி வெள்ளையர் வெள்ளையரைத்தான் மணக்க முடியும். யார் வெள்ளையர் என்பதற்கு அந்தச் சட்டத்திலேயே ஒரு விளக்கம் எழுதி வைத்திருந்தார்கள். எந்தெந்த இனத்தாரின் இரத்தம் துளியும் கலந்திருக்கக் கூடாது என்ற அந்தப் பட்டியலில் கறுப்பர், சீனர், ஜப்பானியர் ஆகியோரோடு 'ஆசிய இந்தியர்' என்று நம்மவர்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தார்கள். ஆக, அந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலத்தில் உங்கள் மகளும் மாப்பிள்ளையும் அட்லாண்டாவில் தம்பதியாகப் பதிவு செய்திருக்கவே முடியாது.

அதை மாற்றியது வர்ஜீனியா மாநிலத்திலிருந்து வந்த ஒரு வழக்கு. ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளைக்காரக் கொத்தனாரும் மில்ட்ரட் என்ற பெண்ணும் 1958 ஜூனில் தலைநகர் வாஷிங்டனுக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். மில்ட்ரட் கறுப்பின, பழங்குடி வம்சாவளியில் வந்தவர். அடுத்த மாதமே ஒரு நள்ளிரவில் ஷெரீப் ஆட்களோடு படுக்கையறைக்குள்ளேயே வந்து நின்றார். சுவரில் மாட்டியிருந்த திருமணச் சான்றிதழைக் காட்டியபோது, இந்த ஊரில் அது செல்லாது என்று சொல்லி இருவரையும் பிடித்துக்கொண்டு போனார். ஓராண்டு சிறை என்று தீர்ப்பாயிற்று. 25 ஆண்டுகளுக்கு இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் திரும்ப வராமல் இருந்தால் சிறை இல்லை என்றார் நீதிபதி. கட்டிய மனைவியோடு சொந்த ஊரில் குடியிருக்க முடியாத அந்தத் தம்பதியின் வழக்கில்தான் 1967 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வர்ஜீனியாவிலும் ஜார்ஜியாவிலும் மட்டுமல்ல, அன்றைக்கு 16 மாநிலங்களில் இருந்த இப்படிப்பட்ட தடைகள் எல்லாம் அத்தோடு செல்லாமல் போயின.

இப்போது உங்கள் சொந்தக்காரர் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 1973-ல் வந்த கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை 2022 ஜூன் 24 அன்று அதே நீதிமன்றம் ரத்து செய்தது உண்மை. 49 ஆண்டுகளாக அரசியல் சாசன உரிமையாக இருந்ததை அந்தந்த மாநிலம் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் ஜார்ஜியாவில், ஏறக்குறைய ஆறாவது வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பதில் அங்கே வீட்டுக்கு வீடு கருத்து வேறுபாடு உண்டு. இங்கே நாம் பார்க்க வேண்டியது, அந்தத் தீர்ப்பின் காரணம் உங்கள் மகளின் திருமணத்தைத் தொடுகிறதா என்பதுதான்.

அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14-ஆவது திருத்தம் 1868-ல் வந்தது. அடிமை முறை ஒழிந்த பிறகு எழுதப்பட்ட அதில் இரண்டு வாக்குறுதிகள் முக்கியம். முறையான சட்ட நடவடிக்கை இல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் மாநிலம் பறிக்கக் கூடாது என்பது ஒன்று. சட்டத்தின் பாதுகாப்பை எல்லோருக்கும் சமமாகத் தர வேண்டும் என்பது இன்னொன்று. கருக்கலைப்பு உரிமை முதல் வாக்குறுதியில் உள்ள 'சுதந்திரம்' என்ற சொல்லை மட்டும் பிடித்து நின்றது. 2022-ல் நீதிபதிகள், சாசனத்தில் நேரடியாக எழுதப்படாத சுதந்திரம் என்றால் அது நாட்டின் வரலாற்றில் ஆழமாக வேரூன்றியதாக இருக்க வேண்டும், இது அப்படி இல்லை என்றார்கள்.

லவிங் தம்பதியின் தீர்ப்பு இரண்டையும் பிடித்து நிற்கிறது. சொல்லப்போனால் அதன் பெரும்பகுதி சமத்துவத்தைப் பற்றியதுதான். இனத்தைப் பார்த்து மனிதர்களைப் பிரிக்கும் சட்டம், அது வெள்ளையர் உயர்ந்தவர் என்ற எண்ணத்தைக் காப்பாற்ற வந்த சட்டம், ஆகவே செல்லாது என்பதுதான் அதன் அடிப்படை. 2022 தீர்ப்பு அந்தச் சமத்துவக் காரணத்தின் பக்கமே போகவில்லை. அதே வழக்கில் நீதிபதி தாமஸ் தனியாக எழுதிய குறிப்பில், வேறு சில தீர்ப்புகளையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கருத்தடை, ஒரே பாலினத்தவர் உறவு, அவர்களின் திருமணம் ஆகிய மூன்றையும் பெயர் குறிப்பிட்டார். லவிங் தீர்ப்பை அந்த வரிசையில் அவர் சேர்க்கவில்லை. அவருடைய திருமணமும் உங்கள் மகளுடைய திருமணத்தைப் போன்றதுதான். அவர் கறுப்பர், மனைவி வெள்ளையர். இன்னொரு நீதிபதியான கவனா, இந்தத் தீர்ப்பால் லவிங் தீர்ப்புக்கு ஆபத்தில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்.

இதற்கு மேல் ஒரு காப்பும் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு வந்த ஆறு மாதத்துக்குள், 2022 டிசம்பரில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. ஒரு மாநிலத்தில் முறைப்படி நடந்த திருமணத்தை இனத்தையோ பாலினத்தையோ பூர்வீக நாட்டையோ காரணம் காட்டி இன்னொரு மாநிலம் ஏற்க மறுக்க முடியாது. மத்திய அரசும் அதை அங்கீகரித்தாக வேண்டும். நாளைக்கு நீதிமன்றம் என்ன சொன்னாலும், ஏற்கெனவே நடந்து முடிந்த உங்கள் மகளின் திருமணத்துக்கு இந்தச் சட்டம் துணை நிற்கும். ஒவ்வொரு மாநிலமும் புதிதாக இப்படிப்பட்ட திருமணங்களை நடத்திவைத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை; அந்தக் குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சரி, உங்கள் அடுத்த கேள்வி. ஒன்பது பேருக்கு இவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது?

சாசனத்தில் அந்த அதிகாரம் வெளிப்படையாக எழுதப்படவில்லை. சாசனத்துக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என்று சொல்வது எங்கள் வேலை என்று 1803-ல் ஒரு வழக்கில் நீதிமன்றமே அறிவித்தது, நாடு ஏற்றுக்கொண்டது. சாசனத்தின் சொற்கள் மிகக் குறைவு, மிகப் பொதுவானவை. 'சமமான பாதுகாப்பு' என்று எழுதியவர்கள், கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ரயில் பெட்டி வேறாக இருக்கலாமா, பள்ளிக்கூடம் வேறாக இருக்கலாமா என்று எழுதி வைக்கவில்லை. அந்த இடத்தை நிரப்புகிறவர்கள் கையில் அதிகாரம் போய்ச் சேருகிறது. 1896-ல் லூசியானாவின் ரயில் பெட்டி வழக்கில், தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்று ஏழு பேர் சொன்னார்கள். ஒரே ஒருவர், நீதிபதி ஹார்லன், மறுத்து எழுதினார். 1954 மே 17 அன்று பள்ளிக்கூட வழக்கில், தனியாகப் பிரிப்பதே சமமின்மை என்று ஒன்பது பேரும் சேர்ந்து சொன்னார்கள். நடுவில் சாசனத்தின் அந்தச் சமத்துவ வாக்குறுதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலான பாடப் புத்தகங்கள் நிறுத்திவிடும். நான் வகுப்பில் இங்கேதான் ஆரம்பிப்பேன். ஏனென்றால் நீதிமன்றத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்பது 1954-க்குப் பிறகுதான் தெரிந்தது.

வர்ஜீனியாவில் ஃபார்ம்வில் என்று ஒரு சிறிய ஊர். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியை 180 பேருக்காகக் கட்டியிருந்தார்கள். படித்தவர்களோ 400-க்கு மேல். இடம் போதாமல் வெளியே மரச்சட்டம் அடித்து, தார் பூசிய காகிதத்தைச் சுற்றிக் கொட்டகை போட்டிருந்தார்கள். 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி தலைமை ஆசிரியரை ஏதோ சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, எல்லோரையும் அரங்கத்தில் கூட்டி, வகுப்புக்குப் போக மாட்டோம் என்று முடிவெடுக்க வைத்தார். அந்த வேலைநிறுத்தத்திலிருந்து பிறந்த வழக்கு, 1954-ல் தீர்ப்பான ஐந்து வழக்குகளில் ஒன்று. அந்தப் பிள்ளைகள் ஜெயித்தார்கள்.

ஜெயித்த பிறகு என்ன நடந்தது தெரியுமா அம்மா? எப்போதிலிருந்து பிரிவினையை நிறுத்த வேண்டும் என்று நீதிமன்றம் நாள் குறிக்கவில்லை. 1955-ல் கொடுத்த உத்தரவில் 'நிதானத்தோடு கூடிய வேகத்தில்' செய்யுங்கள் என்றது. எதிர்த்தவர்கள் நிதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இனியும் தள்ளிப்போட முடியாது என்ற நிலை வந்தபோது, 1959-ல் அந்தப் பகுதி நிர்வாகம் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடியது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு தனியார் பள்ளி முளைத்தது; கட்டணத்துக்கு அரசுப் பணமும் கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. சிலரை வெளியூர்ச் சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். வழியில்லாதவர்கள் வீட்டில் இருந்தார்கள், வயலுக்குப் போனார்கள். ஐந்து ஆண்டுகள். 1959-ல் ஆறு வயதில் முதல் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளை 1964-ல் பதினோரு வயதில் நிற்கிறது. வழக்கில் ஜெயித்த ஊரின் பிள்ளைக்கு அந்த நிலை. 1964-ல் மறுபடியும் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பள்ளிகளைத் திறந்தாக வேண்டும் என்று சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப் போகும்.

இது ஏதோ ஒரு ஊரின் கதை மட்டும் இல்லை. தீர்ப்பு வந்து பத்து ஆண்டுகள் கழித்தும் தென்மாநிலங்களில் வெள்ளையர்களோடு ஒரே பள்ளியில் படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர்தான். 1964-ல் காங்கிரஸ் சிவில் உரிமைச் சட்டம் கொண்டுவந்து, பிரிவினை செய்யும் பள்ளிக்கு மத்திய அரசுப் பணம் கிடையாது என்று சொன்ன பிறகுதான் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அந்தச் சட்டத்துக்கான அழுத்தமும் சும்மா வரவில்லை. தெருவில் அடிபட்டவர்கள், சிறைக்குப் போனவர்கள், உயிரைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் 1954 தீர்ப்பு இல்லாமல் அவர்கள் 'இது எங்கள் சாசன உரிமை' என்று நிமிர்ந்து சொல்லியிருக்க முடியாது என்பதும் உண்மை.

உங்கள் மகள் ஊருக்கே இதில் ஒரு பங்கு உண்டு. அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட 'ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டல்' என்ற தங்கும் விடுதி இருந்தது. கறுப்பினத்தவருக்கு அங்கே அறை கிடையாது. 1964 ஜூலையில் சிவில் உரிமைச் சட்டம் வந்த உடனே அதன் உரிமையாளர், தானே வக்கீலாகவும் இருந்தவர், என் விடுதியில் யாரைச் சேர்ப்பது என்பது என் விருப்பம் என்று வழக்குப் போட்டார். அவர் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. 1875-லேயே காங்கிரஸ் கிட்டத்தட்ட இதே சட்டத்தைப் போட்டிருந்தது. 14-ஆவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் விடுதிகளை அல்ல என்று சொல்லி 1883-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்திருந்தது. இந்த முறை காங்கிரஸ் வேறு பிடியைப் பிடித்தது. மாநிலங்களுக்கிடையே நடக்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்த சாசனம் காங்கிரஸுக்கு அதிகாரம் தருகிறது. அந்த விடுதியில் தங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிமாநிலத்தவர். ஆகவே சட்டம் செல்லும் என்று 1964 டிசம்பரில் ஒன்பது பேரும் சொன்னார்கள். 1883-ல் மூடிய கதவு திறக்க 81 ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் பிறந்து, இப்படிப்பட்ட ஒரு விடுதியில் ஓர் இரவு தங்க முடியாமலே இறந்துபோன மனிதர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு தீர்ப்பின் நீளம் அவ்வளவு.

நம்மவர் ஒருவரின் வழக்கையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகளின் குடியுரிமையோடு சம்பந்தப்பட்டது. பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திந்த், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய சட்டப்படி வெளிநாட்டில் பிறந்தவர்களில் வெள்ளையர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும்தான் குடியுரிமை பெற முடியும். 1922 நவம்பரில் ஒரு ஜப்பானியரின் வழக்கில், வெள்ளையர் என்றால் காகேசிய இனத்தார் என்றது உச்ச நீதிமன்றம். அறிவியலார் வட இந்தியர்களையும் காகேசியர் என்றுதான் வகைப்படுத்துகிறார்கள், அப்படியானால் நானும் தகுதியானவனே என்று வாதாடினார் திந்த். 1923 பிப்ரவரியில், முந்தைய தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி சதர்லண்ட், அறிவியல் வகைப்பாடு இங்கே உதவாது, சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறானோ அவரே வெள்ளையர் என்று எழுதினார். மூன்றே மாதத்தில் அளவுகோல் மாறிப்போனது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலர் அதை இழந்தார்கள். திந்துக்குப் பின்னால் முன்னாள் படைவீரர் என்ற வகையில் 1936-ல் குடியுரிமை கிடைத்தது. மற்ற இந்தியர்களுக்கு 1946-ல் காங்கிரஸ் சட்டத்தை மாற்றிய பிறகுதான் வழி பிறந்தது. உங்கள் மகள் இன்று குடிமகளாக இருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. அந்த வழியைத் திறந்தது கோர்ட் அல்ல, காங்கிரஸ்.

இதில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனியுங்கள். நீதிமன்றம் ஒரு சாதாரணச் சட்டத்துக்குப் பொருள் சொன்னால், காங்கிரஸ் அந்தச் சட்டத்தைத் திருத்திப் பதில் சொல்லிவிட முடியும். சாசனத்துக்கே பொருள் சொல்லிவிட்டால், சாசனத்தைத் திருத்த வேண்டும். அது அங்கே மிகக் கடினம். அல்லது நீதிமன்றமே மனம் மாற வேண்டும். அலபாமாவில் ஒரு டயர் ஆலையில் 19 ஆண்டுகள் வேலை பார்த்த லில்லி லெட்பெட்டர் என்ற பெண்மணி, ஓய்வு பெறும் சமயத்தில்தான் தன்னைவிட ஆண்களுக்கு அதிகச் சம்பளம் என்று தெரிந்துகொண்டார். அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே வேலையில் மிகக் குறைவாக வாங்கிய ஆணுக்கு 4,286 டாலர். பாகுபாடு தொடங்கி 180 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்று சொல்லி 2007-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் வழக்கைத் தள்ளினார்கள். தெரியாத விஷயத்துக்கு எப்படிப் புகார் கொடுப்பது? நீதிபதி கின்ஸ்பெர்க் தன் மறுப்பை நீதிமன்றத்திலேயே வாய்விட்டு வாசித்து, காங்கிரஸ் இதைச் சரிசெய்ய வேண்டும் என்றார். 2009 ஜனவரியில் காங்கிரஸ் சரிசெய்தது. லெட்பெட்டருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரியும். அந்தத் தீர்ப்பு, பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கலாம் என்று சொல்லவே இல்லை. உரிமை அப்படியே இருந்தது. அதைக் கேட்டு வாங்குவதற்கான நாள்கணக்கைத்தான் சுருக்கினார்கள். செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வரும் தீர்ப்புகளைவிட இப்படிப்பட்ட தீர்ப்புகளைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்ப்பேன். யார் வழக்குப் போடலாம், எத்தனை நாளுக்குள், எதை நிரூபிக்க வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் என்பதில் ஒரு வரி மாறினால் போதும். எழுத்தில் இருக்கும் உரிமை ஏழைக்கு எட்டாததாகிவிடும்.

ஓட்டுரிமையில் நடந்தது இதுதான். 1965-ல் வந்த வாக்குரிமைச் சட்டப்படி, பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதி எதை மாற்றினாலும் முன்கூட்டியே மத்திய அரசிடமோ தலைநகர நீதிமன்றத்திடமோ அனுமதி வாங்க வேண்டும். ஜார்ஜியாவும் அந்தப் பட்டியலில் முழுதாக இருந்தது. மிசிசிப்பியில் சட்டத்துக்கு முன்பு வாக்காளராகப் பதிவான கறுப்பினத்தவர் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவு. 1967-ல் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேர். அவ்வளவு வேலை செய்த ஏற்பாடு அது. 2013-ல் ஷெல்பி கவுன்டி வழக்கில், எந்த மாநிலங்கள் அனுமதி கேட்க வேண்டும் என்று தீர்மானிக்கும் சூத்திரம் பழைய காலத்துப் புள்ளிவிவரத்தில் நிற்கிறது என்று சொல்லி ஐந்து பேர் அதை ரத்து செய்தார்கள். முன் அனுமதிப் பிரிவு சட்டப் புத்தகத்தில் இன்னும் அச்சாகிறது. யாருக்குப் பொருந்தும் என்பது இல்லாததால் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. முன்பு மாநிலம் 'இதனால் யாருக்கும் பாதிப்பில்லை' என்று காட்ட வேண்டியிருந்தது. இப்போது பாதிக்கப்பட்டவர் வக்கீல் வைத்து, ஆண்டுக்கணக்கில் நடந்து, பாதிப்பைக் காட்ட வேண்டும். அதற்குள் இரண்டு மூன்று தேர்தல்கள் முடிந்துவிடும். புதிய சூத்திரம் எழுதக் காங்கிரஸுக்கு வழி இருக்கிறது என்று தீர்ப்பே சொன்னது, இதுவரை எழுதவில்லை.

ஆகவே, அம்மா, இனி அங்கிருந்து ஒரு தீர்ப்பு வந்து வீட்டு வாட்ஸ்அப்பில் பரபரப்பானால், உடனே பயப்படாமல் மகளிடம் இதைக் கேளுங்கள்: இது சாசனத்தைப் பற்றிய தீர்ப்பா, ஒரு சட்டத்தைப் பற்றியதா? காங்கிரஸோ மாநிலமோ பதில் சொல்ல முடியுமா? உரிமையையே எடுத்தார்களா, அதைக் கேட்கும் வழியைக் கடினமாக்கினார்களா? இந்தப் பதில்கள் தெரிந்தாலே பாதிப் பயம் தெளியும். மீதிப் பயத்துக்குக் காரணம் இருந்தால், அதுவும் எங்கே என்று தெரியும்.

அந்த ஒன்பது பேரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்றீர்கள். நேரடியாக இல்லை என்பது சரி. ஜனாதிபதி பெயரைச் சொல்வார், காங்கிரஸின் மேலவையான செனட் சபை ஒப்புதல் தரும், அப்புறம் வாழ்நாள் பதவி. ஆனால் அந்தச் செனட்டை மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 2017-லிருந்து 2020-க்குள் மூன்று இடங்கள் நிரப்பப்பட்டன. 2022-ல் கருக்கலைப்புத் தீர்ப்பை ரத்து செய்தவர்களில் அந்த மூவரும் உண்டு. 2021 ஜனவரியில் ஜார்ஜியாவில் நடந்த இரண்டு செனட் தேர்தல்களின் முடிவுதான் அந்தச் சபை யார் கையில் என்பதைத் தீர்மானித்தது. அந்தச் செனட்தான் 2022-ல் கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சனை முதல் கறுப்பினப் பெண் நீதிபதியாக ஏற்றது. எந்தக் கட்சி என்பது உங்கள் மகளின் விருப்பம். ஆனால் அவர் இருக்கும் மாநிலத்தில் அவருடைய ஓட்டுக்கு நீதிமன்றம் வரை நீளும் கை இருக்கிறது.

எனவே ஒரே ஒரு வேலையை மட்டும் மகளிடம் சொல்லுங்கள்; திருமணச் சான்றிதழைப் பற்றிக் கவலைப்படுவதைவிட இது உருப்படியானது. குடியுரிமை வாங்குவதற்கு முன்பு எடுத்த ஓட்டுநர் உரிமம் என்றால், மாநிலப் பதிவில் அவர் இன்னும் வெளிநாட்டவர் என்றே இருக்கலாம். ஜார்ஜியாவில் வாக்காளர் விவரத்தை அந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் பலர் அதனால் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள். குடியுரிமைச் சான்றைக் காட்டி முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயரோ முகவரியோ மாறியிருந்தால் அதையும் சேர்த்து. அப்புறம் மாநிலத்தின் 'மை வோட்டர் பேஜ்' இணையப் பக்கத்தில் தன் பெயர் செயல்பாட்டில் இருக்கிறதா என்று தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே பார்த்துக்கொள்ளட்டும். பல ஆண்டுகள் ஓட்டுப் போடாமல் இருப்பவர்களைச் செயலற்றோர் பட்டியலுக்கு மாற்றி, பிறகு நீக்கும் நடைமுறையும் அங்கே உண்டு. அதனால் சின்னத் தேர்தல் என்று எதையும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.